அதிர்ஷ்டக் கண்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. அப்போது நான் கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸின் மூன்றாவது மாடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து நான்கு. என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். வருகிறவர்கள் தலையில் ஹெல்மெட் மாட்டிவிடும் வேலை.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இல்லை. இன்று பிள்ளைகள் வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி கண்ணில் மாட்டிக்கொள்கிறார்களே, வி.ஆர். ஹெட்செட், அதன் கொள்ளுத்தாத்தா. மாட்டினால் கழுத்து உள்ளே போய்விடும், அவ்வளவு கனம். இடுப்பு உயரத்தில் ஒரு வளையம் இருக்கும். ஆளை அதற்குள் நிறுத்தி, தலையில் ஹெல்மெட்டை இறக்கி, கையில் ஒரு பிடியைக் கொடுப்பேன். ஹெல்மெட்டுக்குள் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சின்னத் திரைகள். நான்கு நிமிடம் கடலுக்கு அடியில் போய்வரலாம். மீன்கள் வரும், பவளப்பாறை வரும், கடைசியில் திமிங்கிலம் ஒன்று வரும். இன்றைய படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த மீன்கள் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டியதுபோல் தெரியும். அன்றைக்கு அதற்கே வரிசை நின்றது.

எனக்குப் பெரிய எதிரி தலை எண்ணெய். நம் ஆட்கள் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருவார்கள். உள்ளே இருக்கும் பஞ்சு ஊறிப்போகும். அடுத்து வரும் சீனப் பெண் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத்தான் முறைப்பாள். பூ வைத்த அக்காமாரிடம் பூவை எடுங்கள் என்று கெஞ்ச வேண்டும். ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைத்துத் துடைத்து என் விரல்களே வெளுத்துவிட்டன.

ஹெல்மெட்டை மாட்டியதும் எல்லோரும் ஒன்றையே செய்வார்கள். கையை முன்னால் நீட்டி, காற்றில் எதையோ பிடிக்கப் பார்ப்பார்கள். மீனாம். மூக்குக்கு முன்னால் வருகிறதாம். கோட் சூட் போட்ட பேங்க் அதிகாரிகூட வாயைப் பிளந்துகொண்டு காற்றைத் தடவுவார். திமிங்கிலம் வரும்போது பாதிப் பேர் குனிவார்கள்.

நானும் எத்தனையோ தடவை மாட்டிப் பார்த்திருக்கிறேன். தலையைத் திருப்பினால் படமும் திரும்பும், அது வேடிக்கைதான். ஆனால் மீன் திரையில்தான் இருந்தது. மூக்குக்கு முன்னால் எதுவும் வரவில்லை. காசு கொடுத்துவிட்டோமே என்று எல்லோரும் நடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவர் நடித்தால் அடுத்தவரும் நடிக்கத்தானே வேண்டும்? தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, வரிசையில் கூட்டம் குறைந்தால் என்னையே மாட்டிக்கொண்டு ஆடிக்காட்டச் சொல்வார். நானும் கையை நீட்டி, குனிந்து, 'ஐயோ' என்று கத்துவேன். பார்க்கிறவர்கள் உடனே டிக்கெட் வாங்குவார்கள். என்னைவிட நன்றாக நடிக்கிறவர் இல்லை என்று எனக்குப் பெருமைகூட உண்டு.

கண்ணுக்குக் கெடுதலா, மூளை குழம்பிவிடுமா என்று பெற்றோர்கள் கேட்பார்கள். டிவி மாதிரிதான், ஒன்றும் ஆகாது என்று சொல்லத் தவுக்கே என்னைப் பழக்கியிருந்தார். வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் மாட்டக் கூடாது என்று மெஷினோடு ஒரு பலகை வந்திருந்தது. அது பலூன்களுக்குப் பின்னால் தொங்கியது. தொங்கவிட்டவளும் நான்தான்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மா, அப்பா இருவரும் போய்விட்டார்கள். கெலுகோரில் ஒரு ஃப்ளாட்டில் அண்ணன், அண்ணி, அவர்களுடைய ஆறு வயது மகள், நான். அண்ணி கடலுக்கு அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாம்காரர். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். நான் வேலை முடிந்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பார். பாப்பா என் கூடவேதான் தூங்குவாள்.

என் இடது கண் லேசாக மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சிறு வயதிலிருந்தே யாராவது அதைப் பற்றிப் பேச வாய் எடுத்தால் அம்மா முந்திக்கொள்வார்: மாறுகண் பெண் பிறந்த வீடு விளங்கும், புகுந்த வீடு அதைவிட விளங்கும். அக்கம்பக்கத்தாரும் ஆமாம், அதிர்ஷ்டம்தான் என்பார்கள். ஒரு ஜோசியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு வாழ்த்தே சொன்னாராம். நானும் கண்ணாடியில் அந்தக் கண்ணை ஆசையாகப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள். பாப்பாவுக்குத் தூக்கம் வரும்போது வலது கண் லேசாக உள்ளே நழுவும். அத்தையை உரித்து வைத்திருக்கிறாள், அதிர்ஷ்டமும் வந்துவிட்டது என்று அண்ணன் கொஞ்சுவார். அண்ணிக்கும் அதில் சந்தோஷம்தான்.

அந்தச் சனிக்கிழமை அண்ணனுக்கு ஃபேக்டரியில் ஷிப்ட். அண்ணி ஒரு காரியத்துக்காக அக்கரைக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வேலைக்கே கூட்டிப்போனேன். காலையிலிருந்து மழை. காம்ப்ளெக்ஸில் ஈ, காக்கை இல்லை. தவுக்கே வேறு அன்று வரவில்லை. பாப்பா சும்மா இருப்பாளா? ஒரே ஒரு தடவை அத்தை, ஒரே ஒரு தடவை என்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹெல்மெட் அவளுக்குப் பெரியது. பின்னந்தலையில் என் துண்டை மடித்து வைத்து, கனம் தெரியாமல் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். நான்கு நிமிடம் முடிந்தது. இன்னொரு தடவை என்றாள். பிறகு இன்னொரு தடவை. எனக்கும் பொழுது போக வேண்டுமே. அரைமணி நேரத்துக்கு மேல் அவள் உள்ளேயே இருந்தாள். நடுவில் இரண்டு இரண்டு மீனாகத் தெரிகிறது என்றாள், பிறகு இல்லை, ஒன்றுதான் என்றாள். ஒரு தடவைகூட அவள் கையை நீட்டவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு நடிக்கத் தெரியவில்லை பார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் என் மடியில் தூங்கிப்போனாள். வீட்டுக்கு வந்து எழுப்பியபோது வலது கண் மூக்கோரம் போய் நின்றிருந்தது. தூக்கக் கலக்கம் என்று முகத்தைக் கழுவிவிட்டேன். கண் அங்கேயே நின்றது. சற்று நேரத்தில் அண்ணி வந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

"எத்தன தடவ மாட்டுன?"

ஏழெட்டு இருக்கும் என்றேன்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கூடாதுன்னு போர்டு இருக்குன்னு நீதானே சொல்லிச் சிரிச்ச? உன் மெஷினு என் பிள்ளை கண்ணத் தின்னுருச்சுலா. இனிமே அவளத் தொடாத."

அண்ணி கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. அன்று இரவு பாப்பாவை என் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார். திருஷ்டி சுற்றிப் போட்டார்கள், நெற்றியில் தைலம் தடவினார்கள், மாரியம்மன் கோயில் திருநீறு பூசினார்கள். காலையில் கண் கொஞ்சம் நேராக இருந்தது. மத்தியானம் மறுபடி உள்ளே போய்விட்டது. இது அதிர்ஷ்டக் கண்தானே, இரண்டு நாள் பொறு என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். அதிர்ஷ்டம் எப்போதாவது எட்டிப் பார்த்தது, இது மெஷின் இழுத்து வைத்தது, நான் சும்மா இருக்க மாட்டேன் என்றார் அண்ணி. விசாரித்து, மூன்றாம் நாளே ஒரு கண் டாக்டரைப் பிடித்துவிட்டார். அந்த மெஷினைப் பற்றி டாக்டரிடம் சொல்வதற்கு நானும் வர வேண்டும் என்றார். குற்றவாளியைக் கூட்டிப்போவதுபோல்தான் கூட்டிப்போனார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்து அம்மா, ஐம்பது வயதிருக்கும். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, பாப்பாவிடம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். இடது கண்ணை மூடியதும் பாப்பா எதையும் சொல்லவில்லை, அழ ஆரம்பித்தாள். கண்ணில் மருந்து விட்டு, உட்கார வைத்து, விளக்கடித்துப் பார்த்தார். அதற்கு முன்பே இன்னொரு சோதனையும் செய்தார். அதைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஒரு பெரிய அட்டைப் புத்தகம். அதில் ஒரு பக்கம் முழுக்க ஈயின் படம். பாப்பாவுக்குக் கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் போட்டுவிட்டு, ஈயின் இறக்கையை இரண்டு விரலால் பிடி என்றார். பாப்பா விரலைக் கொண்டுபோய்க் காகிதத்தின்மேல் வைத்தாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஏதோ எழுதினார். சரியாகச் செய்த பிள்ளையை ஏன் தவறு என்கிறார்?

"படம் பேப்பர்லதானே டாக்டர் இருக்கு? அவ வேற எங்க தொடுவா?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பாப்பாவின் கண்ணாடியைக் கழற்றி அண்ணிக்குக் கொடுத்தார். அண்ணி போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் போனார். பிறகு கையை நீட்டினார். அவருடைய இரண்டு விரல்களும் புத்தகத்துக்கு மேலே, காற்றில், ஒன்றுமே இல்லாத இடத்தில் சேர்ந்தன. எங்கள் கடையில் நாள் முழுக்க நான் பார்க்கும் அதே கை. அண்ணி யாருக்காக நடிக்க வேண்டும்? காசு கொடுத்து வந்தவர் இல்லை, சிரிக்கிற நிலைமையிலும் இல்லை.

"றெக்க எழும்பி நிக்குதே, உனக்குத் தெரியலயா?" என்றார் என்னிடம்.

அடுத்து நான் போட்டுக்கொண்டேன். ஈ காகிதத்தில் படுத்திருந்தது. என் விரல் காகிதத்தில் பட்டது. டாக்டர் என் தோளைத் தொட்டு, இருங்கோ, உங்களையும் பிறகு பார்க்கிறேன் என்றார்.

முதலில் பாப்பாவைப் பற்றிச் சொன்னார். வலது கண்ணில் பிறந்ததிலிருந்தே பவர் அதிகம். அந்தக் கண்ணில் விழும் படம் மங்கலாக இருந்ததால் மூளை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் ஒதுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டு கண்ணும் ஒன்றாக நிற்கக் கஷ்டப்பட்டுக்கொண்டு இருந்தன. அந்த மெஷின் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படத்தைக் கொடுத்து, சேர்த்துப் பார் என்று அரைமணி நேரம் கட்டாயப்படுத்தியதும் களைத்துப்போய்க் கண் நழுவிவிட்டது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

"மெஷின் கெடுக்கேல்லை. காட்டிக் குடுத்திருக்கு," என்றார். "அதுக்காகச் சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் மாட்டினது சரியெண்டு நான் சொல்லேல்லை."

அந்த மெஷின் கண்ணுக்கும் மூளைக்கும் கெடுதலா இல்லையா, ஒரே பேச்சாகச் சொல்லுங்கள் என்று அண்ணி கேட்டார். இது புதுச் சாமான், நெடுநாள் வைத்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை, எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன், வளர்கிற கண்ணுக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்வேன் என்றார் டாக்டர். பாப்பாவுக்குக் கண்ணாடி போட வேண்டும், தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணைக் கட்டி வைத்து மோசமான கண்ணை வேலை வாங்க வேண்டும், ஆறு வயதுதான், திரும்பி வந்துவிடும் என்றார். இன்னும் மூன்று நான்கு வருடம் விட்டிருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு என் முறை. என் இடது கண்ணும் அதே கதைதான். என்னுடையது பதினெட்டு வருடம் முற்றிப்போன கதை. கண்ணில் பெரிய கோளாறு இல்லையாம், மூளை அந்தக் கண்ணின் பேச்சைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டதாம். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் படம் எழும்பி நிற்குமாம். இதற்கு இப்போது என்ன செய்யலாம் என்று கேட்டேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்ன வயசில ஒருத்தரும் கொண்டு வரேல்லையே, பிள்ளை?"

அதிர்ஷ்டம் என்று சொன்னார்கள் டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணியும் சிரிக்கவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஊரையே நடிகர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பள்ளியில் பாட்மின்டன் ஆடினால் பந்து ஒரு பக்கம், என் மட்டை ஒரு பக்கம். எந்த அணியும் என்னைச் சேர்த்துக்கொள்ளாது. தேத்தண்ணீர் ஊற்றினால் கோப்பைக்கு வெளியே ஊற்றுவேன். வீட்டு வாசலில் இருந்த லோங்காங்கை, அந்தச் சாக்கடையைத் தாண்டத் தெரியாமல் சீருடையோடு எத்தனை தடவை அதில் விழுந்திருக்கிறேன். கவனமில்லாதவள், கனவு காண்கிறவள் என்று வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை.

அண்ணி மூன்று நாளைக்குப் பிறகு அன்றுதான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படி இருக்கும் அண்ணி என்று கேட்டேன். எது என்றார். நீங்கள் பார்க்கிறது என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சாலையோர மரங்கள், அதற்குப் பின்னால் கடைகள், அதற்குப் பின்னால் கொஞ்சம் கடல். முன்னால் இருப்பது முன்னால் இருக்கும், பின்னால் இருப்பது பின்னால் இருக்கும் என்றார். எனக்கும் அப்படித்தானே தெரிகிறது என்றேன். மரம் கடையை மறைக்கிறது, அதனால் மரம் முன்னால். அண்ணி மரத்தையும் கடையையும் கையால் காட்டினார்.

"இல்ல... நடுவுல இடம் இருக்கும்லா. அந்த இடமும் தெரியும்."

நான் கண் வலிக்கும்வரை பார்த்தேன். மரம் தெரிந்தது, கடை தெரிந்தது. அந்த இடம் மட்டும் தெரியவில்லை. அதற்கு முன்னால் எனக்கு அப்படி ஒரு குறை இருந்ததே இல்லை. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் அந்தக் குறைதான் முதலில் தெரிந்தது.

அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டேன். விடுவதற்கு முன் அந்தப் பலகையைப் பலூன்களுக்கு முன்னால் மாட்டினேன். தவுக்கே திட்டினார். பாப்பா கண்ணைக் கட்டிக்கொள்ள மறுத்தாள். கட்டினால் உலகமே மங்கல், யாருக்குப் பிடிக்கும்? அண்ணி அடித்துப் பார்த்தார், ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் நான் என் நல்ல கண்ணைப் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எனக்கும் ஒட்டு என்று முகத்தைக் காட்டினாள். இனிமேல் அவளைத் தொடாதே என்ற அண்ணியே பஞ்சையும் ஒட்டுத்துணியையும் என் கையில் கொடுத்தார்.

தினமும் மாலையில் இரண்டு ஒற்றைக்கண்ணிகளும் உட்கார்ந்து மணி கோப்போம், கோட்டைத் தாண்டாமல் வர்ணம் அடிப்போம், ஒரு கோப்பையிலிருந்து இன்னொரு கோப்பைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். நான் ஊற்றினால் வெள்ளம்தான். பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுக்குத் துணையாகக் கட்டிக்கொள்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது பாதி உண்மை. அவள் கட்டை அவிழ்த்த பிறகும் நான் அவிழ்க்க மாட்டேன். டாக்டருக்குத் தெரியாமல், யாருக்கும் தெரியாமல், என் மூளையும் ஒரு நாள் மனம் மாறாதா என்று ஓர் ஆசை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என்னை நானே கிண்டல் செய்துகொண்டாலும் பஞ்சை எடுக்க மனம் வராது. ஒரு சாயங்காலம் சமையலறைக் குழாய் சுவரை விட்டு முன்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. ஓடிப்போய் நின்றேன். குழாய் சுவரில்தான் இருந்தது.

எட்டு மாதம் கழித்து மறுபடி டாக்டரிடம் போனோம். இடையில் போனபோதெல்லாம் எழுத்துகளை மட்டும் படிக்கச் சொன்னவர், அன்று அந்த அட்டைப் புத்தகத்தை எடுத்தார். பாப்பா கறுப்புக் கண்ணாடியைத் தன் கண்ணாடியின்மேல் போட்டுக்கொண்டாள். பாப்பாவின் கை மெதுவாகப் போனது. இரண்டு விரலும் காகிதத்தைத் தொடாமல், ஓர் அங்குலம் மேலேயே நின்றுவிட்டன.

"இது நிஜ ஈயா அத்தை? கிட்ட வருது," என்று கையை இழுத்துக்கொண்டாள்.

அண்ணி அழுதார். நானும் அழுதேன். என் அழுகையில் சந்தோஷம்தான் நிறைய, ஆனால் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. ஏழு வயதுக் குழந்தைமேல் பொறாமை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எல்லோரும் எழுந்த பிறகு, நானும் ஒரு தடவை பார்க்கட்டுமா டாக்டர் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கொடுத்தார். என் விரல் காகிதத்தில் பட்டது. டாக்டர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பாயசம் வைத்துக் கொடுங்கோ என்றார்.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கிளினிக் வாசலில் ஒதுங்கி நின்றோம். பாப்பா கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டு மழையையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னடி பார்க்கிறாய் என்று அண்ணி கேட்டார்.

"மழ முன்னாடியும் இருக்கும்மா, பின்னாடியும் இருக்கு. நடுவுலயும் இருக்கு."

அண்ணிக்கு அது விளங்கவில்லை. மழை என்றால் அப்படித்தானே என்றார். எனக்கு மழை எப்போதும் கண்ணாடி ஜன்னலில் வழிவதுபோல் ஒரே பரப்பாகத்தான் பெய்யும். அது நடுவில் இருக்கும், ஒருவர் அதற்குள் நிற்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அண்ணி என்ன நினைத்தாரோ, என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மழை விடும்வரை விடவில்லை.

அந்தப் பாப்பாவுக்கு இப்போது ஒரு பிள்ளை இருக்கிறான். போன மாதம் கோலாலம்பூரிலிருந்து போன் செய்தாள். பையன் வி.ஆர். ஹெட்செட் கேட்டு அழுகிறானாம், வாங்கலாமா அத்தை, கண்ணுக்கும் மூளைக்கும் கெடுதல் என்கிறார்களே என்று கேட்டாள். எனக்குத் தெரியாததை எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. பெட்டியில் என்ன வயது போட்டிருக்கிறதோ அதுவரை பொறு, பிறகும் கொஞ்ச நேரம் மட்டும் கொடு என்றேன். அதை எப்போது வாங்கினாலும் சரி, இந்த வாரமே அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போ, அவன் நன்றாகத்தான் பார்க்கிறான் என்று நீயாக முடிவு செய்யாதே என்றேன். ஏற்கனவே இரண்டு தடவை கூட்டிப்போய்விட்டதாகச் சொன்னாள்.

போனை வைத்த பிறகு அண்ணியின் நினைவுதான் வந்தது. அன்று அவர் கோபப்பட்டது தப்பான இடத்தில்தான். மெஷின்மேல் பழி போட்டார், என்மேல் போட்டார். ஆனால் அந்தக் கோபத்தில்தான் யார் பேச்சையும் கேட்காமல், மூன்றே நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். என் கண்ணைப் பார்த்து யாரும் கோபப்படவில்லை. அம்மா உட்பட எல்லோரும் ஆசையாக வாழ்த்தினார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் எனக்கு ஆறு வயதாக இருந்தபோது யாராவது ஒருவர், எதன்மேலாவது பழியைப் போட்டுக்கொண்டாவது, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அப்படி ஓடியிருக்கக் கூடாதா என்று இந்த வயதிலும் ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.